கறி முயல் இல்லீங்க, எங்க புட்டு!

இன்று மதியம் போனில் ஒரு மெசேஜ். "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது."

ஜெயித்துவிட்டேன்! ஆனால் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை.

புட்டு எங்கள் முயல். சங்ககிரி பக்கம் ஒரு முயல் பண்ணையை மூடியபோது, கடைசியாக மிஞ்சிய குட்டியை என் வீட்டுக்காரர் லாரி கேபினில் வைத்துக் கொண்டுவந்தார். பஞ்சு மாதிரி வெள்ளை. (பெயர் வைத்தது நான். காலை டிபன் அன்று அதுதான்!)

மூன்று வருடம் எங்களோடு இருந்தாள். போன மாதம் திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தினாள். நாமக்கல் டாக்டர், குடல் வேலை செய்யவில்லை என்றார். மூன்று நாள் டிரிப்ஸ். நான்காம் நாள் காலை, என் மடியிலேயே போய்விட்டாள்.

அவளுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தோம். (சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள்.) வைத்தியச் செலவைக் கேட்டால், முடியாது என்று கடிதம் வந்தது. காரணம்: "பண்ணை விலங்கு."

பண்ணை விலங்கா?!

சூரமங்கலத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆபீசுக்கே போய்விட்டேன். கவுன்டரில் ஒரு தம்பி.

"அக்கா, டாக்டர் பில்லுல ஒயிட் ஜெயன்ட்னு இருக்குதுங்க. அது கறிக்கு வளத்தற இனமுங்க."

"இனம் அப்படி இருக்கலாமுங்க தம்பி. இவ கறிக்கு வளந்தவ இல்லீங்க! எங்க ஊட்டுல மெத்தையில படுத்தவ!"

"ஊட்டுக்குள்ள வளத்துனதுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஆதாரமா? போன் முழுக்க அவள்தான். ஆனால் அவள் போனதிலிருந்து அந்த வீடியோக்களை நான் திறக்கவேயில்லை.

திறந்தேன்.

என் வீட்டுக்காரர் லாரி டிரிப்புக்குக் கிளம்ப, புட்டு அவர் கைலி நுனியைக் கடித்து இழுக்கிறாள். அவர் குரல்: "ஏம்புள்ள, இவளப் புடி! என்னைய உட மாட்டேங்கறா!"

அந்தத் தம்பி சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"இதையெல்லாம் அனுப்புங்க அக்கா. டாக்டர்கிட்ட ஒரு லெட்டரும் வாங்கியாங்க. நானே மேல எழுதறனுங்க."

மறுநாளே நாமக்கல் பஸ் ஏறினேன். டாக்டர் மறுபேச்சில்லாமல், "வீட்டுக்குள் வளர்ந்த செல்லப்பிராணி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை அனுப்பி இரண்டு வாரம். இன்று இந்த மெசேஜ்.

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நாக்பூர் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நம்ம க்ளெய்ம் பாஸாயிருச்சுங்க!"

"அப்படியா? செரி செரி."

பக்கத்தில் யாரிடமோ லோடைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி போனுக்கு வந்தார்.

"புள்ள... அந்தக் கைலி வீடியோவ எனக்கும் அனுப்பி உடு."

அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது.

சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கதவைக் கால்வாசிதான் திறந்தேன். காலைக் குறுக்கே வைத்து, ஒருக்களித்து உள்ளே நுழைந்து, சட்டென்று சாத்தினேன். அவள் வெளியே ஓடிவிடக் கூடாதல்லவா!

அப்புறம்தான் உறைத்தது. ஒரு மாதமாக இப்படித்தான் நுழைகிறேன்.

வீட்டில் ஒரு ஜீவனை வளர்த்து இழந்தவர்கள் சொல்லுங்கள். உங்களுக்குக் கதவை முழுசாகத் திறக்க எத்தனை நாள் ஆனது?