பரஸ்பரம் என்று சொன்ன சம்பந்தி

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் கலியாணத் தரகு பார்ப்பவனுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கத் தெரியவேண்டும். சம்பந்தம் பேசப்போய் வாங்கிக் கட்டிய அன்பர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆறலாம்.

பேசியது

மாற்றுச் சம்பந்தம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வீட்டு அண்ணனும் தங்கையும் அந்த வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டுவது. இரண்டு தாலியும் ஒரே பந்தலில் ஏறவேண்டும் என்பது வழக்கம். நம்மவரின் யோக்கியதையை நன்றாக அறிந்தவர்கள் வைத்த வழக்கம்.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சிவகாமி ரீச்சரின் மகன் கனடாவில்; மகள் வாசுகி வெள்ளவத்தையில். புனிதவதி அம்மாவின் மகன் கொழும்பில் கணக்காளர்; மகள் பட்டதாரி. கனடாக்காரன் கொழும்பில் கால் வைக்கப் பயந்தான். சிங்கப்பூரில் கலியாணம் என்று முடிவானது. இரண்டையும் அங்கேயே ஒன்றாக முடியுங்கள் என்றேன். புனிதவதி அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன தம்பி, நாங்கள் யாவாரமே பேசுறம்? முதல்ல மகளின்ர முடியட்டும். பரஸ்பரம் எண்டு ஒண்டு இருக்கெல்லே!"

இழுத்தது

புனிதவதி அம்மாவின் மகள் சிங்கப்பூரில் தாலி ஏறிக் கனடா போய்ச் சேர்ந்தாள். மகனுக்கு நாள் கேட்டு அம்மாவிடம் போனால், ஒருமுறை குண்டு வெடித்ததென்பார், ஒருமுறை ஊரடங்கு என்பார். யுத்தம் எங்கள் எல்லாருக்கும் தொல்லை. அந்த மனுசிக்கு மட்டும் ஒத்தாசை. வாசுகியோ, வாக்குக் கொடுத்தாயிற்று என்று கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த நல்ல மாப்பிள்ளையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கடைசியில் புனிதவதி அம்மா வாய் திறந்தார்.

"மகனுக்கு லண்டன் பிள்ளை சரிவந்திருக்குத் தம்பி. எங்கட சந்தோஷம் சம்பந்திமாருக்கும் சந்தோஷம்தானே. அதுதானே பரஸ்பரம்?"

திரும்பி வந்தது

லண்டன் சம்பந்தம் குழம்பியது. உடனே புனிதவதி அம்மா என் வீட்டுக்கு ஓடிவந்தார். பழையதை மறந்து வாசுகியையே செய்வோமாம், வாசுகியின் தமையன் இவருடைய மகனையும் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட வேண்டுமாம். வெட்கம் என்ற சாமானை அந்த வீட்டில் யாரும் கண்டதேயில்லை.

போய்ச் சொன்னேன். ரீச்சர் கண் கலங்கிக் கும்பிடக் கையெடுத்தார். வாசுகி தாயின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவவின்ர மகளை நாங்கள் கண் கலங்காமல் வச்சிருக்கிறம், அங்கிள். மகனை அவவே வச்சிருக்கட்டும்."

அகராதி எழுதும் பெரியவர்கள் 'பரஸ்பரம்' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுமுன், ஒரேயொரு கலியாணமாவது பேசிப் பார்க்கவேண்டும்.