இனிஷியல் இல்லாதவர்களுக்கு வீடு

அகதிகள் மறுவாழ்வுப் பிரிவில் குமாஸ்தா வேலை என்பது வேறொன்றுமில்லை: டெல்லி கொடுக்கச் சொன்ன பணத்தைக் கொடுக்காமல் இருக்கக் காரணம் கண்டுபிடித்து, அதை மூன்று பிரதிகளில் டைப் அடிப்பது. அரசாங்க மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கும், அந்தப் பக்கம் நின்று கால் கடுத்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறி, மைசூர் ஆபீஸ்களில் போர்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதிக்கொண்டிருந்த சமயம். கொள்ளேகாலைத் தாண்டி, ஹனூர்ப் பக்கத்து மலைச்சரிவில், திபெத்திலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். நிலம் கொடுத்தாகிவிட்டது. வீடுதான் இல்லை, எல்லோரும் கூடாரத்தில். வீடு கட்டப் பணம் வந்திருந்தது. யார் யாருக்கு வீடு என்ற பட்டியலைத் தணிக்கை அதிகாரி ஒப்புக்கொண்டு மார்ச் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் வீடு. இல்லையென்றால் பணம் வந்த வழியே திரும்பிவிடும். ஜனங்கள் இன்னொரு மழைக்காலத்தைக் கிழிந்த துணிக்கு அடியில் கழிக்க வேண்டும். பட்டியல் போட வேண்டியவன் நான்.

மொழிபெயர்ப்பாளர் வந்தார்

அவர்களுக்கு இந்தி கொஞ்சம் தெரியும் என்று யாரோ சொன்னதால், என் சூப்பரின்டெண்ட் புட்டராஜு சார் பள்ளிக்கூட இந்திப் பண்டிதர் ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். புட்டராஜு சார் சாமராஜநகர்க்காரர், கண்டிப்பானவர், ஆபீஸ் பென்சிலை வீட்டுக்கு எடுத்துப் போகாத அபூர்வப் பிறவி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். குடியிருப்புத் தலைவர் தாஷி கைகட்டி நின்றார். புட்டராஜு சார் கன்னடத்தில் ஒரு வரி சொல்ல, பண்டிதர் அதை இந்தியில் கால் மணி நேரத்துக்கு விரித்தார். இலக்கியச் சுவை வேறு. தாஷி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பசி. "இவர் நிறுத்த மாட்டார் போலிருக்கே" என்று தமிழில் வாய்க்குள் முனகினேன். தாஷி சட்டென்று என் பக்கம் திரும்பினார். கிணறு வெட்ட வந்த, தமிழ் பேசும் ஹனூர் ஆட்களோடு இரண்டு வருஷம் மண் சுமந்ததில் அவருக்குத் தமிழ் வந்திருந்தது, அதுவும் அசல் கொங்குத் தமிழ். பிறந்ததிலிருந்து நான் பேசியறியாத மரியாதையோடு அவர் கேட்டார்: "ஏனுங்க, இந்தப் பெரியவரு பாவம் நெம்ப நேரமாப் பேசறாருங்க, சோறு ஆறிப் போகுது, உண்டுபோட்டுப் பொறவு கேட்டுக்கலாமுங்களா?"

லஞ்சமா, மரியாதையா?

சாப்பிட்டு முடித்ததும் தாஷி ஒரு நீளமான வெள்ளைத் துகிலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு புட்டராஜு சாரிடம் வந்தார். பட்டு மாதிரி மினுங்கியது. விருந்தாளிக்கு அவர்கள் போடும் மரியாதை அது. நம் ஊரில் மாலை போடுவதில்லையா, அப்படி. புட்டராஜு சார் இரண்டடி பின்வாங்கினார். பட்டியலை மேலே அனுப்பப் போகிறவன் பயனாளி கையால் பட்டு வாங்குவதா? நடத்தை விதிகள் என்னாவது? "பேடா, பேடா, வேண்டாம்" என்று கையை வீசினார். தாஷியின் முகம் வாடிவிட்டது. பின்னால் நின்ற பெண்கள் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். வீடு இல்லை என்று சொல்லிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மூளை அன்றைக்கு வேலை செய்தது. சார் தனக்காக வாங்க வேண்டாம், ஆபீசுக்காக வாங்கிக்கொள்ளலாம், இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அது அரசாங்கச் சொத்து என்றேன். அவர் யோசித்தார். குனிந்தார். துகில் கழுத்தில் விழுந்தது. கூடாரங்களிலிருந்து ஒரே ஆரவாரம். திரும்பும் வழியெல்லாம் அதைக் கழற்றவே இல்லை மனுஷர். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கும்போதுதான் மடித்து என்னிடம் நீட்டினார்: "இங்க பாருங்க நடேசன், மேஜை நாற்காலி எழுதற பக்கத்துலயே எழுதிடுங்க, ஆனா வருஷக் கடைசியில ஏலம் போடக் கூடாதுன்னு கீழே ஒரு குறிப்பு."

பதினோரு வீடு கேட்கும் தாஷி

பட்டியல் அனுப்பினேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த தணிக்கை அதிகாரி அதைச் சிவப்பு மையில் குளிப்பாட்டித் திருப்பிவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாஷி என்ற பெயர் பதினோரு இடத்தில் இருந்தது. டோல்மா ஒன்பது. அங்கே குழந்தைக்குப் பெயர் சொல்வது லாமா. மங்களகரமான பெயர்கள் கொஞ்சம்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். குடும்பப் பெயர் என்று வால் எதுவும் கிடையாது. மலையில் அவர்களுக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. சிவப்பு மைக்கு அது தெரியுமா?

மார்ச் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. அதிகாரி எதிரில் நின்று லாமாவைப் பற்றிக் கன்னடத்தில் ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், பட்டியலை என் பக்கம் தள்ளினார். "உங்க கதை நல்லா இருக்கு, ஆனா என் கண்ணுக்கு ஒரே ஆசாமி பதினோரு வீடு கேக்கறான்."

டோல்மாவின் அப்பா

மைசூர் தேவராஜ மார்க்கெட் வாசலில் வெற்றிலை வாங்கும்போது எனக்குப் பொறி தட்டியது. தமிழனுக்கும் குடும்பப் பெயர் கிடையாதே! நாம் எப்படிக் காலம் தள்ளுகிறோம்? இனிஷியல். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி, கூடாரங்களுக்கு நடுவே ஒரு கல்லில் உட்கார்ந்து, வரிசையாக அப்பா பெயரைக் கேட்டு முன்னால் ஓர் எழுத்தை ஒட்டினேன். சில அப்பாக்களும் தாஷியாகவே இருந்தார்கள். விடுவேனா? சொந்த ஊரின் முதல் எழுத்தையும் சேர்த்தேன். தஞ்சாவூர்க்காரர்கள் செய்வதில்லையா? மத்தியானத்துக்குள் பதினோரு தாஷியும் பதினோரு ஆளாகிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் தப்புச் செய்தேன். பெண்கள் முறை வந்ததும், நம் வழக்கப்படி, கேட்காமலே புருஷன் பெயரின் எழுத்தைப் போட்டுக்கொண்டே போனேன். நாலாவதாக வந்த டோல்மா, இடுப்பில் குழந்தையோடு நின்றவள், தலைவர் தாஷியிடம் அது என்ன எழுத்து என்று விசாரித்தாள். அவர் சொன்னதும் கோபமாக நீளமாகப் பேசினாள். கடைசியில் குரல் இறங்கிவிட்டது. தாஷி மண்ணைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: "அவுங்கப்பன் மலை தாண்டி வரும்போது பனியிலயே உசுர விட்டுப்போட்டாருங்க, பேராச்சும் எங்கூட வந்து இந்த வீட்டுல இருக்கட்டும்னு சொல்லுதுங்க."

எழுதியதை அடித்துவிட்டு, எல்லாப் பெண்களிடமும் முதலிலிருந்து கேட்டேன். ஒருத்திகூட புருஷன் பெயரைச் சொல்லவில்லை. நாலாவது டோல்மா என் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தாஷி வழியாக உத்தரவு போட்டாள்: "அந்த எழுத்தக் கொஞ்சம் பெருசா எழுதச் சொல்லுதுங்க."

எழுந்து நின்றவர்கள்

இனிஷியல்களை நானே உட்கார்ந்து கற்பனை செய்ததாகத் தணிக்கை அதிகாரிக்குச் சந்தேகம். இனிஷியல்தான் என் கற்பனை, அப்பாக்கள் நிஜம் என்று எப்படிச் சொல்வது? புட்டராஜு சார் அன்றைக்குக் காட்டிய வீரத்தை நான் மறக்க மாட்டேன். "பேப்பரை நம்பாதீங்க, ஆளைப் பாருங்க" என்று அதிகாரியை ஜீப்பில் தள்ளாத குறையாக ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மார்ச் முடிய மூன்றே நாள்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி பழைய பட்டியலை எடுத்து, பொறி வைத்தவர் தோரணையில், "தாஷி!" என்றார். பதினோரு பேர் எழுந்து நின்றார்கள். கிழவர், வாலிபர், ஒற்றைக் கண்ணர், தலைவர், எல்லாரும். அதிகாரிக்கு வாய் மூடவில்லை. நான் புதுப் பட்டியலை நீட்டினேன். இனிஷியலோடு கூப்பிட்டார், ஒருவர் மட்டும் நின்றார். அடுத்தது, அடுத்தவர். கடைசிப் பெயர் வரை ஓர் இடத்திலும் தட்டவில்லை. தன் இனிஷியல் வந்தபோது நாலாவது டோல்மா குழந்தையையும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஜீப் பானட்டின் மேலேயே பட்டியலை விரித்து அதிகாரி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சிரித்தார். சீனிவாசமூர்த்தி என்பது அவர் பெயர். "நீங்க இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும், எங்க செக்‌ஷன்ல மட்டும் மூணு சீனிவாசமூர்த்தி இருக்கோம், மூணு பேருக்கும் தனித்தனியாத்தானே சம்பளம் வருது!"

முதல் மழை

மழை தொடங்குவதற்குள் ஓடு போட்டுவிட்டோம். போட்டுவிட்டோம் என்று நான் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். மண் குழைத்ததும் ஓடு தூக்கியதும் அவர்கள். இரண்டு நாள் கொட்டித் தீர்த்த பிறகு, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு காலைப் பஸ்ஸில் நான் மட்டும் போனேன். ஒழுகவில்லை. வாசலுக்கு வாசல் ஈரம், உள்ளே காய்ந்த தரை. நாலாவது டோல்மாவின் குழந்தை அந்தத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு நான் அந்தத் தரையைக் காலால் தடவிப் பார்த்தேன்.

தலைவர் தாஷி கண் சிவந்து கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் ஏதாவது குறையா என்று பதறிப்போய்க் கேட்டேன். "குறை ஒண்ணும் இல்லீங்க, மழை சத்தம் கேட்டா எந்திரிச்சுக் கூடாரத்துணியப் புடிச்சே பழகிப்போச்சு, இப்பப் புடிக்க ஒண்ணுமில்லாம கை சும்மா இருக்குதுங்க, அதான் தூக்கமே வரல்லீங்க."

அரசாங்கப் பணம் கெடுவுக்குள், சேர வேண்டியவர்களுக்கே, முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்ட அந்த ஒரு குற்றத்துக்கு, ரிடையர் ஆகும்வரை எனக்கு மெமோ எதுவும் வராதது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.