லேப்பில் திறந்த கிளை

ஐஸ்கிரீம்காரருக்குத் தன் நாக்கைத் தவிர உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. கடையில் எந்தச் சட்டியைக் கலந்தாலும் முதல் கரண்டி அவர் வாய்க்குத்தான் போகும். அது குழம்புக் கரண்டி என்பதை வீட்டில் யாரும் கிளறுவதில்லை.

போன மாதம் ஒரு ரொட்டித் துண்டு அவர் நெஞ்சுக்குள் நின்றுகொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அடம்பிடித்தது. டாக்டர் குழாய் விட்டு எடுத்தார். “பால் உங்களுக்கு ஒத்துக்கலை. உணவுக்குழாய் வீங்கிக் கிடக்கு. பாலை விடலேன்னா நாளைக்குத் தண்ணிகூட இறங்காது” என்றார். மனிதர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மறுநாளே கரண்டியும் கையுமாக நின்றார்.

அந்த உணவுக்குழாயிலிருந்து டாக்டர் கிள்ளிய சதைத் துணுக்கு, இவர் சம்மதத்தோடு, மச்சினி வேலை பார்க்கும் லேப்புக்குப் போயிருந்தது. மருந்து சோதித்துப் பார்ப்பதற்காக அவள் அதைக் கிண்ணங்களில் கடுகைவிடச் சின்ன உருண்டைகளாக வளர்த்தாள். “நமக்கு லேப்புல ஒரு கிளை திறந்திருக்கு” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இவர் அளந்தார். ஒருநாள் கிளையைப் பார்க்கவே கிளம்பிவிட்டார்.

“மாமா, பையில என்ன சொட்டுது?”

“புள்ளைக்குக் கொஞ்சம் வெனிலா.”

“அதுக்கு வாயே கிடையாது. இந்த ரோஸ் கலர் தண்ணிதான் சாப்பாடு.”

“த்சு, பாவம்.”

மைக்ராஸ்கோப்பில் முதல் கிண்ணத்தைக் காட்டினாள். உருண்டை லட்சணமாக இருந்தது. இரண்டாவதில் சுவர் தடித்து, நடுவில் இருந்த இடைவெளியே அடைத்துப்போயிருந்தது.

“இவனுக்கு என்ன ஆச்சு?”

“ஒத்துக்காததைச் சாப்பிட்டா உடம்புல ஒண்ணு சுரக்கும். அதை இதுல விட்டேன்.”

“ஏம்மா, பச்சைப் புள்ளையைப் போய் இப்படிப் பண்ணலாமா?”

“நீங்க தினமும் கரண்டியால பண்றதுதான் மாமா.”

ஐஸ்கிரீம்காரர் சொட்டுகிற பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அன்று கடையில் கரண்டியை மனைவியிடம் நீட்டினார். அவள் நிதானமாகச் சப்புக்கொட்டி, “சர்க்கரை பத்தலை” என்றாள். இத்தனை வருஷமாக அவள் சொல்லக் காத்திருந்தது அது. பல்லைக் கடித்துக்கொண்டு சர்க்கரை போட்டார்.

இப்போதெல்லாம் சாயந்தரமானால் மச்சினிக்குப் போன் வந்துவிடும்.

“சாப்பிட்டானா?”

“யாரு மாமா?”

“அதான், வீங்கினவன்.”

“மருந்து விட்டிருக்கேன், வீக்கம் இறங்குது. உங்களுக்கு?”

“இறங்காம என்ன செய்யும்? கரண்டி உங்க அக்காகிட்டல்ல இருக்கு” என்றார், சொத்தைப் பறிகொடுத்தவர் குரலில்.