காப்புக் கட்டிய விரலும் பதினொரு பாட்டும்

ஆனந்தவள்ளி எனக்குத் தூரத்துச் சொந்தமில்லை. என் அம்மாவின் சித்தப்பா மகன் ஆலங்குளத்தில் பெண் எடுத்தார். அவருடைய மூத்த மகளுக்கு இரண்டாவதாகப் பிறந்தவள் இவள். பத்தொன்பது வயதில் சங்கிலிப்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு, வடகரைக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள் பீடித் தட்டை மடியில் வைத்தவள், முப்பது வருஷமாக இறக்கவில்லை. ஒரே மகன் இசக்கிமணி பட்டாளத்தில் இருக்கிறான்.

சோறு போட்டது பீடி என்றாலும் பேர் கொடுத்தது கும்மி. ஆடி மாதக் கோயில் கொடைக்கு முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றி நின்று கும்மியடிப்பார்கள். தெற்குத் தெருவில் முன்னால் போகிறவள் ஆனந்தவள்ளி. அவள் காலைப் பார்த்துத்தான் மற்ற இருபத்தோரு பேரும் கால் வைக்க வேண்டும். அந்த இடம் முன்பு சங்கிலிப்பாண்டியின் அக்காள் மாடத்தியிடம் இருந்தது. மாடத்திக்கு முட்டுவலி என்று சொல்லி ஊர்க்காரர்கள் போன வருஷம் மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு மாடத்தி வரிசைக்கே வராமல் வெளியில் நின்றுகொண்டாள். இந்த வருஷம் காப்புக் கட்டி, வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் பேச்சு மட்டும் இல்லை.

பாட்டெல்லாம் போனில்தான். பதினொரு பாட்டு. போன வருஷம் இசக்கிமணி அம்மாவின் போனில் இறக்கிக் கொடுத்தது. இந்தத் தடவை லீவில் வந்தவன், வெள்ளிக்கிழமை அந்தப் போனைத் தென்காசியில் ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் புதுப் போன் வாங்கி வந்தான். உள்ளே இருந்ததை எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று பதினொரு வரியைக் காட்டினான். பாடவிட்டுக் காட்டவில்லை. கொடைக் கூட்டத்தில் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று பூட்டும் போட்டான். பீடி சுற்றித் தேய்ந்த விரல் எதையும் போன் ஏற்கவில்லை. கடைசியில் இடது கை மோதிர விரலை ஏற்றது. சனிக்கிழமை ரயிலேறிப் போய்விட்டான்.

ஞாயிறு சாயங்காலம் ஒத்திகைக்கு நின்றபோது பாட்டு பாடவில்லை. வரியைத் தொட்டால் வட்டம் சுற்றுகிறது, நிற்கிறது, அவ்வளவுதான். ஒருத்தி சத்தத்தைக் கூட்டினாள். ஒருத்தி ஓட்டையில் ஊதினாள். இன்னொருத்தி டவர் இல்லை என்று கோயில் படியில் ஏறி நின்று கையைத் தூக்கிப் பிடித்தாள். மகனைக் கூப்பிட்டால் ரயில் எந்த மலைக்குள் போனதோ, கிடைக்கவில்லை.

கோயில் பெரியவர்கள் வந்து சொல்லிவிட்டார்கள்: செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் கும்மி. திங்கள் ராத்திரிக்குள் பாட்டுக்கு வழி இல்லையென்றால் அந்த நேரம் வடக்குத் தெருவுக்கு. அப்படிக் கைவிட்டுப் போனால் தெரு அவளை மறுபடி முன்னால் விடாது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

முளைப்பாரி போட்ட பெண்கள் காப்புக் கட்டினால், பாரி கரைக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கிழக்கே கால்வாய்ப் பாலம்தான் எல்லை. ஆகவே திங்கட்கிழமை காலையில் புருஷனிடம் போனைத் திறந்து கொடுத்து, தென்காசியில் போன் பழுது பார்க்கும் முகம்மது யூசுப் கடைக்கு அனுப்பினாள். குற்றாலத்தில் சீசன். பஸ் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது போன் பூட்டிக்கொண்டது. மத்தியானம் போனைக் கடையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையாகத் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாவ?"

"ஒன் விரலக் கேக்கான்."

"வெட்டியா குடுத்து விட?"

"என்ட்ட ஏம்ட்டி கத்துத? கட பூரா நனஞ்ச போனு. அருவியில குளிக்க வந்தவன் எல்லாம் போனையும் சேத்துக் குளிப்பாட்டிட்டு வந்து நிக்கான். அவனுக்கு மூச்சு விட நேரமில்ல. வீடு வடகரைதான, ஆறு மணிக்குப் பாலத்து வழியாத்தான் போவானாம். அக்காவ அங்கன வந்து நிக்கச் சொல்லுங்கன்னான்."

ஆறு மணிக்குச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பாலத்தின் இந்தப் பக்கம் இருபத்திரண்டு பெண்களும் நின்றார்கள். யூசுப் அந்தப் பக்கம் பைக்கை நிறுத்தினான்.

"அக்கா, ஒரு எட்டு இங்க வாங்களேன்."

"காப்புக் கட்டிருக்கு தம்பி. நீ கையை நீட்டு."

அவன் போனை நீட்டினான். ஆனந்தவள்ளி எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் காலை ஊன்றிக்கொண்டு, முந்தானையில் விரலைத் துடைத்து, எட்டி வைத்தாள். ஈரம். ஏற்கவில்லை. மறுபடி துடைத்தாள். மூன்றாம் தடவை திறந்தது. பின்னால் ஒருத்தி குலவை போட்டாள்.

யூசுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அக்கா, இதுல பாட்டே இல்ல. உங்க மகன் ஒரு ஆப்புக்குள்ள வச்சு இறக்கிருக்கான். அது அந்த ஆப்பு, அந்தப் போனு, ரெண்டும் இருந்தாத்தான் தொறக்கும். இங்க வந்திருக்கது வெறும் பூட்டுன பெட்டி. பழைய போனு எங்க?"

"கடையில குடுத்தாச்சே."

"அப்போ அழிச்சிருப்பாங்க. மகன் கெடச்சா அவன் நம்பர்ல தொறக்கலாம். இல்லன்னா பாட்டுப் பேரச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா நான் வேற எடத்துல தேடுதேன்."

பேர் யாருக்குத் தெரியும்? முதல் கும்மி, கிளிக் கும்மி, குனிஞ்சு அடிக்கது என்றுதான் அவர்களுக்குள் பேச்சு. ஆனந்தவள்ளி முதல் வரியைப் பாடிக் காட்டினாள். அவன் தன் போனில் தேடி ஓடவிட்டான்.

"இது இல்ல. அவ மூக்கால பாடுவா."

"இது?"

"மூக்கு சரி, வேகம் பத்தாது."

குற்றாலத்துக்குப் போகிற வேன் ஒன்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. முக்கால் மணி நேரத்தில் பத்துப் பாட்டு கிடைத்தது. பதினொன்றாவதுக்கு வரி நினைவில்லை. பாரியைத் தலையில் தூக்குவதற்கு முன்னால் சுற்றுகிற கடைசிச் சுற்று அது. வேகமாகப் போவதால் எல்லோரும் அடியைத்தான் எண்ணுவார்கள். ஆனந்தவள்ளி கைதட்டிக் காட்டினாள்.

"கைத்தட்ட வச்சு நான் எங்கன தேட? போன வருஷம் கும்மிய யாராவது வீடியோ எடுத்தாங்களா? அதுல இருந்து சத்தத்த மட்டும் பிரிச்சிரலாம்."

எடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியில் நின்ற மாடத்திதான், பம்பாயில் இருக்கும் மகளுக்கு அனுப்ப என்று எடுத்தாள். இப்போது குடைக்குள் நின்று கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனந்தவள்ளி குடைக்குப் பக்கத்தில் போனாள்.

"மயினி, ஒங்கட்ட இருக்கா?"

"எது?"

"போன வருஷத்துக் கும்மி."

"இருக்கும். கடேசிச் சுத்துக்கு முன்னால யாரு போறது?"

சாரலில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்களே போங்க மயினி" என்றாள் ஆனந்தவள்ளி. மாடத்தி மடியிலிருந்து போனை எடுத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். பாட்டுக்கு வழி கிடைத்ததென்று கோயிலுக்கு ஆள் போனது.

யூசுப் ராத்திரி வீட்டில் வைத்து வேலையை முடித்து, மறுநாள் காலையில் கடைக்குப் போகிற வழியில் பென்டிரைவை ரேடியோ செட்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனான். பத்துப் பாட்டையும் ஓட்டிப் பார்த்தானாம். பதினொன்றாவதின் தொடக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறான்.

செவ்வாய் சாயங்காலம் பத்துப் பாட்டும் நன்றாக ஓடின. பதினொன்றாவதுக்கு ஆனந்தவள்ளி விலகி இரண்டாவதாக நிற்க, மாடத்தி முன்னால் வந்தாள். பாட்டுக்குள் போன வருஷத்துக் கைத்தட்டும் சேர்ந்து கேட்டது. அது நன்றாகத்தான் இருந்தது. பாதிச் சுற்றில், ஊர் முழுக்கக் கேட்கிற ஒலிபெருக்கிக் குழாயில், மகளுக்காகப் பேசிய மாடத்தியின் குரல் வந்தது:

"பாத்தியாட்டி, ஒன் மாமன் பொண்டாட்டி கால் வைக்கத? எரும சேத்துல நடக்க மாதிரி. இதுக்குத்தான் என்னைய எறக்குனானுவ."

கோயில் வாசலில் சிரிப்பு வெடித்தது. மாடத்திக்குக் கால் நின்றுவிட்டது. பாரியைத் தூக்கும் முன் சுற்று நின்றால் எங்கள் ஊரில் நல்லதில்லை என்பார்கள். பின்னால் இருந்த ஆனந்தவள்ளி அடியை விடாமல், "நிக்காதிய மயினி, வலது கால வைங்க, அடிங்க" என்றாள். அதற்குள் குழாய் இன்னொன்றும் சொல்லியது. அது என்னவென்று சிரிப்பில் கேட்கவில்லை. மாடத்தி வலது காலை வைத்தாள். சுற்று முடிந்தது, பாரி தலைக்கு ஏறியது.

புதன்கிழமை பாரி கரைத்துக் காப்பு அவிழ்த்தார்கள். அடுத்த வருஷம் யார் முன்னால் என்று பேச்சு வந்தபோது, "அவளே போட்டும், எனக்கு மூச்சு வாங்குது" என்று மாடத்தியே சொல்லிவிட்டாள். ஆனந்தவள்ளி கேட்டுக்கொண்டு சேலையைப் பிழிந்தாள். அந்தப் பதினொன்றாவதை அழித்துப் போட வேண்டும் என்று மட்டும் மாடத்தி யூசுப்புக்கு ஆள் அனுப்பினாள். வேறு பாட்டு கிடைத்தால் அழித்துவிடலாம் என்றான் அவன். இன்னும் கிடைக்கவில்லை.