அப்பா கேமராவுக்குச் சொன்னது

என் தம்பி விமானம் ஓட்டுகிறவன். கள்ளக்குறிச்சியில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கைமாத்துக் கேட்பார்கள். தியாகதுருகம் பக்கத்தில் எங்களுக்கு இருந்த நிலத்தை விற்றுத்தான் அப்பா அவனைப் படிக்க வைத்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நிலமும் போன பிறகு அங்கே தனியாக என்ன செய்வார் என்று நான்தான் அப்பாவைக் கள்ளக்குறிச்சிக்கு, என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

தம்பி வேலை பார்த்தது பணக்காரர்களுக்கு வாடகைக்கு விமானம் விடுகிற ஒரு தனியார் கம்பெனியில். அவர்களுடைய விளம்பரத்தைப் பார்க்க வேண்டுமே! பேப்பரைத் திறந்தால் முழுப்பக்கம். சென்னையில் விமான நிலையம் போகிற சாலை நெடுக அவர்கள் விளம்பரத் தட்டி. புது விமானம் வாங்கியபோது ஒரு நடிகையைக் கூட்டிவந்து ரிப்பன் வெட்டினார்கள். ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் சம்பளம் இல்லை. அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம், அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம் என்றே மாதங்களை ஓட்டினார்கள். எனக்கு வயிறு எரியும்.

"ரிப்பன் வெட்டறவளுக்குக் குடுக்க இருக்குது, உசிரக் கையில புடிச்சிக்கினு ஓட்டறவனுக்குக் குடுக்க இல்லியாடா?" என்று போனில் கத்துவேன்.

"கத்தாதக்கா. ஊர்ல தெரிஞ்சா அப்பாவுக்குத்தான் அசிங்கம்" என்பான்.

அதுவும் உண்மைதான். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. எங்கள் சாதிப் பையன்கள் இன்றைக்கு ஒரு சாலை, நாளைக்கு ஒரு சாலை என்று மறித்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு என் தம்பிதான் வசதியாகக் கிடைத்தான். "உங்காளு ஒர்த்தன் பிளேனே ஓட்றான், அப்பால உங்களுக்கு இன்னாத்துக்கு ஒதுக்கீடு?" என்று அப்பாவின் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அந்தப் பிளேன்காரனுக்கு நான்தான் செலவுக்குப் பணம் அனுப்புகிறேன் என்று எப்படிச் சொல்வது? அப்பா டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

அந்த நேரத்தில்தான் கம்பெனியின் விளம்பர அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. விவசாயி மகன் விமானி ஆனான் என்று ஒரு விளம்பரம் எடுக்க வேண்டுமாம். தம்பி முதலில் மறுத்திருக்கிறான். "இதை மட்டும் முடிச்சுக் கொடுங்க, உங்க எல்லார் சம்பள விஷயத்தையும் நானே முதலாளிகிட்ட பேசுறேன்" என்றாராம் அதிகாரி. தம்பி ஒத்துக்கொண்டான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

அவர்கள் வருகிற அன்றைக்குப் பார்த்துத் தியாகதுருகத்தில் மறியல். சாலையில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். கம்பெனி வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. அப்பா தெரிந்தவர் மொபெட்டில் தொற்றிக்கொண்டு போய் மறியல் பையன்களிடம் நின்றிருக்கிறார். "நம்ம வூட்டுக்கு வர்ற விருந்தாளிங்கடா, வழி வுடுங்கடா" என்று கெஞ்சியிருக்கிறார். "உன் புள்ளையச் சொல்லித்தான் மாமா எங்கள எல்லாம் மடக்கறானுங்க" என்று அலுத்துக்கொண்டே பையன்கள் முள்ளை இழுத்துப் போட்டார்களாம். திரும்பி வந்து அதை என்னிடம் சொன்னபோது அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

வந்தவர்களுக்குச் சந்தனம், பன்னீர், அதிகாரிக்குச் சால்வை. எல்லாம் அப்பாவின் ஏற்பாடு. நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். அப்பாவை ஐயா ஐயா என்றார், இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். நான் பரிமாறிக்கொண்டே சம்பளப் பேச்சை எடுக்கப் பார்த்தேன். அப்பா கண்ணாலேயே அடக்கிவிட்டார். சாப்பிடுகிறவர்களிடம் கணக்குக் கேட்பதா?

சாப்பிட்டதும், "உங்க வயலுக்குப் போகலாமா ஐயா?" என்றார் அதிகாரி. வயல் ஏது? அதைத்தான் விற்றாயிற்றே. அதற்கும் அவர்கள் வழி வைத்திருந்தார்கள். வெள்ளிமலையில் ஒரு மலைக்குடும்பத்தின் சாமைக் கொல்லையை அன்றைக்கு மட்டும் வாடகைக்குப் பேசியிருந்தார்கள். பின்னால் மலை தெரிய வேண்டுமாம். ஜீப்புகள், ஜெனரேட்டர் ஏற்றிய வண்டி, மேலே பறந்து படம் எடுக்கிற எந்திரம், அப்பாவுக்கு வெயில் படாமல் குடை பிடிக்க ஓர் ஆள், முகத்துக்குப் பவுடர் போட இன்னோர் ஆள். இதில் எதையாவது ஒன்றைக் குறைத்திருந்தால் என் தம்பிக்குச் சம்பளம் வந்திருக்குமே என்றுதான் மலை ஏறுகிற வழியெல்லாம் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

யாருடையதோ கொல்லையில் அப்பாவை நிறுத்தினார்கள். பக்கத்தில் தம்பி, வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக. காலடியில் விளைந்த சாமை மிதிபட்டது. படம் எடுக்காத நேரமெல்லாம் அப்பா குனிந்து சாய்ந்த கதிரை நிமிர்த்திக்கொண்டே இருந்தார். "மகனைக் கம்பெனி எப்படி வச்சிருக்குன்னு சொல்லுங்க ஐயா" என்றார் அதிகாரி.

அப்பா கையைக் கூப்பினார். "எம்புள்ளைய ராஜா மாதிரி வச்சிக்கினு இருக்காங்க. ஒரு கொறையும் இல்ல. அந்த மொதலாளி நல்லா இருக்கணும்" என்றார்.

தம்பி சிரித்தபடியே நின்றான். அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அந்தப் பேச்சு புதிது இல்லை. என் மாமியார் என்னைப் படாத பாடு படுத்திய காலத்தில், அப்பா வரும்போதெல்லாம் அவள் எதிரிலேயே, "எம்பொண்ண மவாராணி மாதிரி வச்சிக்கினு இருக்காங்க" என்பார். பெண்ணைக் கொடுத்தவன் அப்படித்தான் பேச வேண்டும். அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு மாமியாரும் கொஞ்ச நாள் அடங்கிக் கிடப்பாள். கம்பெனியையும் அப்பா சம்பந்தி வீடு என்று நினைத்துவிட்டார்.

இறங்கும்போது ஜீப்பில், "ஏம்பா அப்படிச் சொன்ன?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நாலு வார்த்த நல்லதா சொன்னாத்தாம்மா மொதலாளி மனசு எறங்கும். கொறையாச் சொன்னா புள்ளைய நிம்மதியா வுடுவானா?" என்றார்.

முதலாளி மனசு இறங்கவில்லை. அதிகாரி பேசினாரோ இல்லையோ, யாருக்கும் சம்பளம் வரவில்லை. கடைசியில் விமானிகள் எல்லாரும் சேர்ந்து இனி ஓட்டமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். தம்பியும் நின்றான். ஊருக்கு வந்து என் வீட்டில் தங்கியிருந்தான். சக விமானிகளின் போன் வந்துகொண்டே இருக்கும். விடக்கூடாது, விடக்கூடாது என்று பேசிக்கொள்வார்கள். அத்தனை கஷ்டத்திலும் அவன் முகம் தெளிவாக இருந்தது அந்த நாட்களில்தான்.

ஒரு மத்தியானம் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பா கூப்பிட்டார். "டேய், ஓடியாங்க! நம்மளக் காட்டறாங்கடா!"

ஓடினோம். வெள்ளிமலை, சாமைக் கொல்லை, கைகூப்பி நிற்கிற அப்பா. ராஜா மாதிரி வச்சிக்கினு இருக்காங்க. அடுத்து அதே அதிகாரி வந்தார், என் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். சம்பளம் தரவில்லை என்பது சிலர் கிளப்பிவிடும் பொய், எங்கள் விமானியின் தந்தையே எவ்வளவு மனநிறைவாகப் பேசுகிறார் பாருங்கள் என்றார்.

தம்பி பாய்ந்து டிவியை அணைத்தான். அப்பா அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடா சொல்றான் அவன்?" என்றார்.

"ஒண்ணும் இல்லப்பா."

அதற்குள் போன் அடித்தது. தம்பி வெளியே போய்ப் பேசினான். எதிர்ப்பக்கம் போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. உனக்கு மட்டும் தனியாகக் கொடுத்துவிட்டார்களா என்று சக விமானிகள் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று இவன் எத்தனை முறை சொல்லியும் யாரும் நம்பவில்லை. அன்றைக்கே அவனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் போன் அடிக்கவே இல்லை. அப்பா அதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். சோறு போட்டால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்.

கொஞ்ச காலத்தில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். மற்ற விமானிகள் ஒருவரை ஒருவர் கைதூக்கிவிட்டு வேறு கம்பெனிகளில் ஏறிக்கொண்டார்கள். அந்தத் தொழிலில் கூட இருந்தவன் சொன்னால்தான் வேலை. என் தம்பிக்குச் சொல்ல ஆள் இல்லை. ஓட்டாமலே இருந்தால் விமானியின் லைசென்சும் காலாவதியாகிவிடுமாம், மறுபடி பயிற்சி எடுக்கக் கொள்ளைப் பணம் வேண்டுமாம். விற்க இன்னொரு நிலம் எங்கே இருக்கிறது? அவனுடைய வெள்ளைச் சட்டைகளை நான்தான் துவைத்து மடித்துப் பீரோவில் வைத்தேன். பாவி மனுஷன் அந்த அதிகாரி நன்றாக இருப்பானா என்று வாய்விட்டுச் சபித்தேன். சபித்து என்ன ஆகப்போகிறது?

அப்பா படுக்கையில் விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் வயசாகிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். பேச்சு குறைந்துபோனது. ஒருநாள் காலையில் தம்பியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"அவங்கள இன்னொரு தபா வரச் சொல்லுடா. கேமராவ எடுத்தாரச் சொல்லு. நான் மாத்திச் சொல்லிடறேன்."

கம்பெனியே இல்லை என்பதை அவரிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். "அவங்க வரத் தேவயில்லப்பா, போன்லயே எடுக்கலாம்" என்றான்.

தன்னைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னார். சட்டை கேட்டார், போட்டுவிட்டேன். தம்பி போனைப் பிடித்தான். அப்பா கையைக் கூப்பிக்கொண்டார்.

"எம்புள்ளைக்கு சம்பளம் குடுக்கல. நான் சொன்னது பொய்யிங்க. வூட்டுக்கு வந்தவங்கள கொறை சொல்லக் கூடாதேன்னு சொல்லிட்டேங்க. எம்புள்ள துரோகம் பண்ணலங்க. அவனச் சேத்துக்கோங்க."

சரியாக வந்ததா என்று கேட்டார். வந்தது என்றோம். "அனுப்பிட்டியாடா?" என்றார். அனுப்பிட்டேன்ப்பா என்றான். அப்பா நிம்மதியாகச் சாய்ந்து படுத்துக்கொண்டார். இரண்டு நாளில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு தம்பி அந்தப் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான்.

"இத யாருக்குக்கா அனுப்பறது?" என்றான்.