முதலிரண்டு பாகம் பாராதவர்

எங்கள் வீட்டில் நான் இயற்றிய சட்டம் ஒன்றே ஒன்றுதான். 'பறக்கும் வீரன்' படத்தின் மூன்றாம் பாகம் திருப்பூருக்கு வரும்போது, முதலிரண்டு பாகங்களைப் பாராத எவரும் எங்களோடு திரையரங்குக்கு வரலாகாது. முன்கதை அறியாமல் இரண்டாம் பாகத்துக்கு வந்த அம்மா, "இவன் நல்லவனா, கெட்டவனா?" என்று படம் முடியும்வரை என்னைத் துளைத்ததன் விளைவு அது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவின் தங்கையான அத்தை, பெருமாநல்லூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்திருந்தார். இரண்டு நாளில் திரும்பிவிடுவார் என்றார்கள். விடுமுறையில் பாதி கழிந்தும் திரும்பவில்லை. மாமாவுக்கு அங்கே சொந்தமாகப் பனியன் கம்பெனி. சரக்குக் கப்பலேறும் நாள் நெருங்கினால் அவர் உண்பதும் உறங்குவதும் கம்பெனியிலேயே. சரக்கோ எந்நாளும் கப்பலேறிக்கொண்டேயிருந்தது. பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்ட இவையெல்லாம் எனக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. அத்தை ஒரு பாகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் என்னைக் கலங்க வைத்தது.

ஆகவே பாடம் தொடங்கியது. வீரபாண்டிக் கடைவீதியில் குறுந்தகடுகளை வாடகைக்கு எடுத்துவந்து, பகலுணவுக்குப்பின் அத்தையைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தினேன். வீரன் முதன்முதலாகத் தன் உடையணிந்து தோன்றிய கட்டத்தில் நான் மெய்சிலிர்த்திருக்க, அத்தை முன்னால் குனிந்து உற்றுநோக்கினார்.

"ஏங்கண்ணு, தோள்ல தையலையே காணோம்? இதை எவன் தெச்சது?"

"அதெல்லாம் கேக்கக்கூடாதுங் அத்தை."

"ஏன் கேக்கக்கூடாது? பனியன் தெக்கற பவர் டேபிள் மெஷினு ஓடற ஊட்ல பொறந்தவ நானு. அந்த டெய்லரு ஆருன்னு சொல்லு, உங்கொப்பனுக்குக் கூட்டியாந்து உடலாம்."

இரண்டாம் பாகத்தில் அத்தையின் கேலி அடங்கிவிட்டது. அதன் இறுதியில், இடிந்து விழும் பாலத்தைத் தாங்குவதற்காக வீரன் பறந்துபோகிறான். அவனை நேசிக்கும் பெண் பின்னாலேயே ஓடிவந்து அழைக்கிறாள். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போகக்கூடாதா?" என்றார் அத்தை.

"பாலம் இடியுதுங் அத்தை."

"எந்நேரமும் ஏதாச்சும் ஒரு பாலம் இடிஞ்சுட்டேதான் இருக்கும்." பிறகு, "அப்பறம் திரும்பி வர்றானா?" என்று கேட்டார்.

"அது மூணாம் பாகத்துலதானுங் தெரியும்."

அன்றுமுதல் மூன்றாம் பாகத்துக்காக என்னினும் மிகுதியாகக் காத்திருந்தவர் அத்தைதான்.

அப்பாவின் தையல் எந்திரங்கள் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகற்காட்சிக்குப் புறப்பட்டு நாங்கள் செருப்பணியும் வேளையில் மாமாவின் கார் வந்து நின்றது. முன்பு வந்தபோதெல்லாம் வண்டியை அணைக்காமலே வாயிலில் நின்று அப்பாவிடம் பேசிவிட்டுப் போனவர், அன்று உள்ளே வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு தரையைப் பார்த்து, "போலாமா?" என்றார்.

அத்தை குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார். இத்தனை பாடுபட்டுக் கற்பித்த மாணவி, தேர்வு நாளன்று கைவிட்டுப் போய்விடுவாரோ?

நிலைமையைத் தணிக்க எண்ணிய அப்பா, "மாப்ள, நீங்களும் படத்துக்கு வாங்க. போயிட்டு வந்து பேசிக்கலாம்" என்றார்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "மாமா வரக்கூடாதுங்! மொத ரெண்டு பாகத்தை அவரு பாக்கவே இல்லீங்."

அம்மா என் கையைக் கிள்ளினார். மாமா என்னை வியப்போடு பார்த்தார். "பாத்தாத்தான் உடுவீங்களா அம்மிணி?"

"பாக்காம வந்தா ஒண்ணுமே புரியாதுங் மாமா."

அத்தை அப்போதுதான் முதன்முறையாக அவரை நிமிர்ந்து நோக்கினார்.

"புள்ள சொல்றது செரிதானுங்க. சி.டி. டிவிக்கு மேல இருக்குது. பாத்துட்டு இருங்க. நாங்க போயிட்டு வந்தர்றோம்."

அப்பா திகைத்து நின்றார். மாமா தொலைக்காட்சிக்கு முன்னிருந்த நாற்காலியில் போய் அமர்ந்தார். பிறகு சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்: "எதை மொதல்ல போடோணும் அம்மிணி?"

போட்டுக் கொடுத்தேன். நடுவே எங்கும் வேகமாக ஓட்டிவிடக்கூடாது என்றும் எச்சரித்தேன்.

மூன்றாம் பாகத்தில் வீரன் திரும்பி வந்தான். அரங்கமே விசிலடித்து ஆர்ப்பரித்தது. அத்தை மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாளு ஆச்சா அவனுக்கு" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினோம். மாமா அதே நாற்காலியில் இருந்தார். திரையில் பாலம் இடிந்துகொண்டிருந்தது. அவர் திரும்பாமலே அத்தையிடம் கேட்டார்.

"ஏம்புள்ள, அவ அத்தனை கத்துக் கத்தறா. இவனுக்குக் காதுலயே உழுகலயா?"

அத்தை கைப்பையைக் கீழே வைத்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "உழுகல" என்றார். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

நான் பதறிப்போனேன். "அம்மா, அத்தை மூணாம் பாகத்தைச் சொல்லப் போறாங்க!"

"சொல்லட்டும் உடு கண்ணு" என்று அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துச்சென்று கதவைச் சாத்தினார்.

நான் கதவோரம் செவியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். படம் முடிந்து ஓசை அடங்கியபின்னும் அத்தையின் குரல் ஓயவில்லை. "ஆஸ்பத்திரில நாலு நாளும் வாசலையே பாத்துட்டுக் கெடந்தேன்" என்றது அது.

மூன்றாம் பாகத்தில் ஆஸ்பத்திரியே கிடையாது என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா எனக்கு இன்னொரு தோசை வார்த்தார். என் பக்கத்திலேயே அமர்ந்து முழுப் படத்தையும் பார்த்த அத்தை கதையை இவ்வளவு பிழையாகச் சொல்கிறாரே, மாமாவும் அதை நம்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்ற வருத்தத்தோடு அதை உண்டு முடித்தேன்.