செதிலில் நறுக்கிய அடையாளம்

எண்பதுகளின் தொடக்கத்தில், போடி மலையில் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கிப் பாம்புகளையும் தவளைகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தேன். காட்டுக்குள் ஏலச்செடி வைத்து மருந்தடிக்கத் தொடங்கியபின் அவற்றில் எவை தங்கின, எவை காணாமல் போயின என்பதுதான் என் கேள்வி. பச்சை விரியன்களைக் கொக்கிக் கோலால் பிடித்து அளப்பேன். அடையாளத்துக்கு அவற்றுக்கு மட்டும் அடிவயிற்றுச் செதிலில் ஓரமாகச் சிறிது நறுக்கிவிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவேன்.

தோட்டத்துப் பெண்கள் என்னைப் பாம்பு டீச்சர் என்றார்கள். ஏலக்காய் தரையோடு படரும் சரங்களில் காய்ப்பது. செடியின் தூருக்குள் கைவிட்டுத்தான் பறிக்க வேண்டும். விரியன் படுத்திருப்பதும் அங்கேதான். காய் எடுப்பு தொடங்கியதிலிருந்தே, யாருக்குக் கடி விழுமோ என்று எனக்குப் பயம்.

ஒரு மழைக்காலக் காலையில் ஓடையில் தலைப்பிரட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணின் கூச்சல் கேட்டது.

"டீச்சர், வெரசா வாங்க! அக்காவப் பாம்பு கடிச்சிருச்சு!"

அக்கா என் அறைக்கு அடுத்த வீட்டுக்காரி. நனைந்த என் காலுறைகளைத் தன் அடுப்புக்கு மேல் காயப்போட்டுத் தருபவள். நான் போய்ச் சேர்ந்தபோது, விரலில் கடிபட்டு அவள் வலது கை மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது. அவள் கணவர் சாக்குக் கயிற்றால் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"கொஞ்சம் தளத்துங்கண்ணே. கை கெட்டுப்போயிரும்."

"வெசம் ஏறிரும் டீச்சர். நீங்க சும்மா வாங்க."

கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் அவளைக் கிடத்திக் குரங்கணிக்கு இறக்கினார்கள். அங்கே காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பு டிரைவர் ஒரு வார்த்தை கேட்காமல் லோடை இறக்கிப் போட்டார். அவள் கணவரும் நானும் ஏற, அடித்துக் கொன்ற பாம்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு கங்காணியும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவள் இமை சரிகிறதா, ஈறில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தபடியே வந்தேன்.

"கண்ணு நல்லாத் தெரியுதாக்கா?"

"தெரியுது. கைதேன் நெருப்பா எரியுது."

போடி ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே, சேதி கேட்டுச் சொந்தக்காரர்களும் வந்து நின்றார்கள். கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்திய டாக்டர், கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, உறைகிறதா என்று பார்க்க வைத்தார்.

"ஊசியப் போடுங்கய்யா! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்று அக்காவின் அண்ணன் கத்தினார்.

டாக்டர் என்னை வெளியே அழைத்தார். "இங்க இருக்கிற ஊசி நாலு பாம்போட விஷத்துக்குத்தான். பச்சை விரியன் அதுல இல்ல. ஊசியே சில பேருக்கு ஒத்துக்காம உயிருக்கு ஆபத்தாயிரும். இது என்ன பாம்புன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

சாக்கை உதறினேன். தலை நசுங்கிக் கூழாகிக் கிடந்தது. உடம்பும் சேறும் ரத்தமுமாகப் பாதி சிதைந்திருந்தது. பச்சை விரியன் என்றே தோன்றியது. ஆனால் தோன்றுவதை நம்பி ஓர் உயிரை வைத்து விளையாட முடியுமா? குழாயடியில் கழுவிப் புரட்டினேன். அடிவயிற்றில், செதிலின் ஓரத்தில், ஆறிப்போன ஒரு வெட்டு. நான் நறுக்கியது.

நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் கணவரும் அண்ணனும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள்.

"பச்சை விரியன்தான் டாக்டர். உறுதி."

"தலையே இல்லையே, எப்படிச் சொல்றீங்க?"

"இந்தப் பாம்பை நான் பிடிச்சு அளந்திருக்கேன். இது என் அடையாளம்."

"அப்ப நீங்க புடிச்சு விட்ட பாம்பா?" என்றார் கணவர்.

"ஆமாண்ணே. இருந்த இடத்துலயே விட்டேன்."

அண்ணன் என்மேல் பாய வந்தார். கணவர் அவரைத் தடுத்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குழாயில் ரத்தம் சரியாக உறைந்திருந்தது; விஷம் அதைக் கெடுக்கவில்லை. ஊசி வேண்டாம், கூடவே இருந்து பார்ப்போம் என்றார் டாக்டர். நான் சொன்ன ஒரு சொல்லையும் நம்பித்தான் அந்த முடிவு. வீக்கம் தோள்வரை ஏறியது. நான் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.  உள்ளே நர்சு வேகமாக நடந்தால்கூட எழுந்து நின்றேன்.

மறுநாள் அவள் கஞ்சி குடித்தாள். பிறகு வீக்கம் வடிந்தது. கடிபட்ட விரல் மட்டும் முழுதாக மடங்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியபோது, இனி என்னை உள்ளே விடக் கூடாது என்று பெண்கள் கங்காணியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரு அவுக சோலியப் பாக்கட்டும்டி. ஆனா டீச்சரு, நாங்க காய் எடுக்குற பக்கம் பாம்பப் புடிக்காதீக. பாத்தீகன்னா எங்களுக்கு ஒரு சத்தம் குடுங்க."

ஒத்துக்கொண்டேன். மேலே இருந்த சோலைக்காட்டுக்கு என் வேலையை மாற்றினேன். காலையில் பெண்கள் இறங்குமுன் தூர்களைக் கம்பால் தட்டிப் பார்த்து, விரியன் இருந்தால் சொல்லிவிட்டுப் போவேன். அக்காவின் கணவர் என்னோடு மறுபடி பேச அந்த வருஷம் முழுக்க ஆயிற்று. ஆராய்ச்சி முடிந்து கிளம்பும்வரை, மாலையில் பெண்கள் பேசிக்கொண்டே வீடு திரும்பும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வந்தது.